படகு வந்திட்டுதோ

'இவள் பொறுக்கலாம்' என்று ஆங்கிலத்தில் எழுதியது கொம்பியூட்டர்ப் பெட்டி.

தாதி யசிந்தா மிஸிக்கு அது சரியாகப் படவில்லை.

வாங்குப் பலகையில் இருந்த செபஸ்தியம்மாவைப் பார்த்தாள். திரும்பவும் பெட்டியைப் பார்த்தாள். பெட்டி கேட்பதெல்லாம் யசிந்தாவின் கேள்விகள்தான். மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொம்பியூட்டரோடு வந்து இறங்கிய ஹரோல்ட், அவளுக்குப் பின்னாலேயே திரிந்து, வரிசையில் யாரை முதலில் டொக்டரிடம் விடுகிறாள், எதைக் கேட்டு விடுகிறாள் என்று ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே போட்டவை.

"இனி இது மிஸி மாதிரியே யோசிக்கும்" என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தான்.

செபஸ்தியம்மா வந்தது காலில் சிப்பி வெட்டிய காயத்துக்கு மருந்து கட்ட. கேட்டதற்கெல்லாம் இல்லை என்றாள். வயிற்றில் நோ இல்லை. மயக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை. யசிந்தாவும் இல்லை என்பதற்கு 'இ' என்று கடதாசி ஒட்டிய விசைக்கட்டையையே அழுத்திக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ஓம் என்பதற்கு 'ஓ' ஒட்டிய கட்டை சும்மா கிடந்தது.

பெட்டி சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் இவளை முதலில் விடு என்றது மனம்.

"காரணத்தைச் சொல்லுங்கோ மிஸி, உள்ளை போட்டுவிடுறன்" என்றான் ஹரோல்ட்.

காரணம் என்று ஒன்றும் அகப்படவில்லை. டொக்டர் ஒப்பரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே போனால் மத்தியானம் வரை வெளியே வரமாட்டார்.

இன்றைக்குத் தன் தலைதான் சரியில்லையோ என்று நினைத்தாள். காலையிலிருந்து இடது தோளில் ஒரு பாரம். கிணற்றடியில் இரண்டு வாளியையும் ஒன்றாகத் தூக்கியிருக்கக் கூடாது.

குனிந்து காயத்தைக் கட்டினாள். கட்டும்போது சும்மா இருக்கக் கூடாது என்று எப்போதும் எதையாவது கதைப்பாள்.

"அடைக்கலநாதண்ணையின்ரை படகு வந்திட்டுதோ?" என்று செபஸ்தியம்மாவின் புருஷனைப் பற்றிக் கேட்டாள்.

"இன்னும் இல்லை மிஸி. விடிய வந்திருக்கோணும்."

யசிந்தாவின் கை தானாகவே காலை விட்டுச் செபஸ்தியம்மாவின் வயிற்றுக்குப் போனது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. மெல்ல அழுத்தினாள். செபஸ்தியம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்துதான் நீர் வந்தது.

கழுவிய கையோடு டொக்டர் ஓடி வந்தார். தள்ளுவண்டி உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

"இதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே" என்றான் ஹரோல்ட்.

"எதை?"

"படகுக் கேள்வியை."

"அது கேள்வியோ தம்பி? சும்மா கதைக்கிறதெல்லே."

அவன் விடவில்லை. யோசித்து யோசித்துச் சொன்னாள். கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்ததுதான். ஆள் கடலில் நிற்கும்போது வீட்டில் நோ என்றோ நோய் என்றோ வாய் திறக்கக் கூடாது. சொன்ன கேடு படகுக்குப் போய்விடும். கடலில் நேவி சுடத் தொடங்கிய பிறகு பெண்கள் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். இதையெல்லாமா ஒரு மெஷினுக்குச் சொல்வது?

ஹரோல்ட் அதையும் தட்டி உள்ளே போட்டான். பிறகு கதிரையை இழுத்துவிட்டான்.

"வாங்கோ, நீங்களே நோயாளி மாதிரி இருந்து பாருங்கோ."

யசிந்தா சிரித்துக்கொண்டே கதிரையில் அமர்ந்தாள்.

வயிற்றில் நோவா? 'இ'.

மயக்கம்? 'இ'.

இடது தோளில் பாரமா? நெஞ்சு வருத்தம், மாரடைப்பு உள்ளவரைக் கண்டுபிடிக்க அவளே சொல்லிக்கொடுத்த கேள்வி. விரல் யோசிக்கவே இல்லை. 'இ'. வாளி தூக்கியதெல்லாம் ஒரு வருத்தமா.

வியர்க்கிறதா? கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். சரியான வெக்கை. 'இ'.

"மிஸிக்கென்ன, இரும்பு" என்றான் ஹரோல்ட்.

புதிய கேள்வி வந்தது. வீட்டு ஆள் கடலிலா?

யசிந்தா வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

அவள் புருஷன் சிமியோனும் அடைக்கலநாதனும் நேற்று ஒரே படகில்தான் போனார்கள்.

"அமத்துங்கோவன் மிஸி."

விரல் இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் நின்றது. இவ்வளவு நேரமும் அழுத்திய 'இ'களில் எது மெய், எது சிமியோனுக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.