கூப்பிட்ட குரலுக்கு

யாருமில்லாத அறையில் நின்றுகொண்டு, கட்டிலின் தலைமாட்டில் இருந்த பெல்லை அழுத்தினார் அதிகாரி. நர்ஸ் வருவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கத்தான்.

மனுஷனுக்குத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. செருப்பு வாங்கப் போனால்கூடத் தையலைப் பிரிக்காத குறையாகப் பார்ப்பார். அப்பாவை விடப்போகிற இடத்தைச் சும்மா விடுவாரா?

அப்பாவுக்கு இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். இவருக்கோ நாளைக்கு வெளிநாடு கிளம்பியாக வேண்டும். திரும்பி வர மாசக்கணக்காகும். கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் இந்த இல்லம் மட்டும் தேறிவிட்டால், சாயங்காலமே அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு நிம்மதியாக விமானம் ஏறலாம் என்று கணக்கு.

சும்மா சொல்லக் கூடாது, இடம் சுத்தம். ஜன்னல் கம்பியில் விரலால் இழுத்துப் பார்த்தார், தூசி இல்லை. படுக்கை விரிப்பை மோந்து பார்த்தார், நாற்றம் இல்லை. ஆனால் பட்டப்பகலில் இப்படி ஓர் அமைதியா? வராந்தாவில் நடந்தபோது தன் செருப்புச் சத்தம் கேட்டுத் தானே ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார்.

பெல்லிலிருந்து கையை எடுக்கவில்லை, கதவு திறந்தது.

"இதோ வந்துட்டேம்மா!"

நர்ஸ் இல்லை. கட்டம்போட்ட சட்டையும் நரைத்த தாடியுமாக, மூச்சு வாங்க ஓடிவந்த ஒரு ஆள். காலிக் கட்டிலைப் பார்த்தான். இவரைப் பார்த்தான். முகம் அப்படியே செத்துப்போனது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

ஆளே இல்லாத கட்டிலில் ஏதுடா அம்மா?

பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போனார். கண் திறக்காமல் கிடந்த ஒரு பெரியவர், "மாப்ளே..." என்று முனகினார்.

"சொல்லுங்க மாமா, இங்கதான் இருக்கேன்."

கட்டைக்குரல். கட்டிலோரம் உட்கார்ந்திருந்தது அதே கட்டம்போட்ட சட்டை!

சரி, மாமனார் போல என்று மனசைத் தேற்றிக்கொண்டார். சமையலறையை ஒரு நோட்டம் விட்டுவிட்டு, வராந்தாக் கோடியில் இருந்த அறைக்கு வந்தார். உள்ளே பேச்சுக் குரல்.

"சின்னவனே, வந்துட்டியாடா?"

"வந்துட்டேம்மா. பஸ்ஸு லேட்டு."

இது வேறு குரல். செல்லம் கொஞ்சி இழுக்கிற குரல். எட்டிப் பார்த்தார். அட, அதே ஆள்! எப்போது தன்னைத் தாண்டி வந்தான் என்றே தெரியவில்லை.

பார்வை போன ஓர் அம்மா அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவன் வாய் "அம்மா, அம்மா" என்றது. கண் மட்டும் வாசலில் நின்ற இவர் மேலேயே இருந்தது. தலையிலிருந்து கால்வரை அளவெடுப்பதுபோல ஒரு பார்வை.

விடுவிடுவென்று தலைமை நர்ஸின் அறைக்குப் போனார்.

"என்னம்மா நடக்குது இங்க? ஒருத்தன் ரூம் ரூமாப் போய் ஒருத்தருக்கு மருமகன், ஒருத்தருக்கு மகன்னு வேஷம் கட்டுறான்! சாகக் கிடக்கிறவங்ககிட்ட கைநாட்டு வாங்குற கூட்டமா நீங்க? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க சார்," என்றார் அந்த அம்மாள், அலுப்பாக. "அவங்க சொன்னாலாவது அந்த மனுஷன் வீட்டுக்குப் போறாரான்னு பார்ப்போம். நாங்க சொல்லி அலுத்துப் போச்சு."

"யாரு அவன்?"

"நீங்க பெல் அடிச்சீங்களே, அந்த ரூம்ல அவரோட அம்மா இருந்தாங்க. அவரும் உங்களை மாதிரியே வந்து விரலால தூசி தொட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லன்னு திருப்தியா அம்மாவை விட்டுட்டு வேலைக்குப் போயிட்டார். அந்தம்மா நாள் முழுக்க பெல் அடிப்பாங்க. ஓடிப்போய் நிப்போம். தண்ணி வேணாம், மாத்திரை வேணாம். 'என் புள்ள வந்துட்டானா?' இது ஒண்ணுதான் கேப்பாங்க."

"வந்தாரா?"

"வந்தார். கட்டில் காலியா இருந்துச்சு." நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "அதுலேருந்து எந்த ரூம்ல பெல் அடிச்சாலும் எங்களுக்கு முன்னாடி ஓடுறார். யாரோட சொந்தக்காரங்க வரலையோ, அவங்க இடத்துல போய் உட்கார்ந்துக்கிறார். தப்புதான் சார். ஆனா அவர் கையைப் பிடிச்சா, தூங்காதவங்ககூட தூங்கிடுறாங்க. நான் எந்த வாயால தடுக்கிறது?"

அதிகாரியின் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, இடம் தேறுமா? மாமாவைக் கிளப்பட்டுமா? காலையிலேருந்து 'அவன் எங்க, அவன் எங்க'ன்னு உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கார்."

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

காதோரம் யாரோ மூச்சுவிடுவது போலிருந்தது. பதறித் திரும்பினார். கட்டம்போட்ட சட்டை, கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க அப்பா உங்களை வீட்டுல என்னன்னு கூப்பிடுவார்? நீங்க அதுக்கு 'என்னப்பா'ன்னு கேப்பீங்களா, 'சொல்லுங்கப்பா'ம்பீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி, உங்க குரல்ல ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டிட்டுப் போங்க சார். நான் பழகிக்கணும்."