படத்துக்குப் போட்ட மல்லிகை

சிறுமலை பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் சோலைமுத்து பூட்டிய கம்பிக்கதவை உலுக்குகிறார். "பொன்னழகு வந்திருப்பா. தொறந்து விடும்மா." போன வாரம் இப்படிப் போனவரை நத்தம் ரோட்டில் லாரிக்கு முன்னாலிருந்து இழுத்து வந்தார்கள். மனைவி பாக்கியம் சுவரைப் பார்க்கிறாள். மாலை வெயிலும் படத்திலிருக்கும் பொன்னழகின் முகத்தில்தான் விழுகிறது. அக்கா செத்து முப்பது வருடம். இரண்டாம் தாரமாய் வந்த தங்கையின் பேர்தான் அவருக்கு மறந்துபோயிற்று. காலையில் தானே படத்துக்குப் போட்ட மல்லிகைச் சரத்தை வெடுக்கென்று உருவி, கொண்டையில் செருகிக்கொண்டு அவரெதிரே நிற்கிறாள். கம்பியைப் பிடித்த கை தளர்கிறது. "வந்துட்டியா புள்ள!" அவள் கன்னத்தை வருடுகிறார்; இந்தக் கை ஒருநாளும் அவளை இப்படித் தொட்டதில்லை. பிறகு குரலைத் தாழ்த்துகிறார். "உள்ள ஒரு பொம்பள இருக்கா. வெளிய விடவே மாட்டேங்கிறா." "அவ கெடக்கா, நீங்க வாங்க" என்கிறாள் பாக்கியம்.