மூட்டையின் உள்சூடு

தீபலட்சுமி முழங்கை வரைக்கும் கையை மூட்டைக்குள் விட்டாள்.

மேலாக இருந்த கடலைப் புண்ணாக்கு நன்றாகக் காய்ந்திருந்தது. நடுவில் கை போனதும் சுட்டது. காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்தைத் தொட்டதுபோல் ஒரு சூடு.

கையை வெளியே எடுத்து முகர்ந்தாள். அடைத்துக் கிடந்த ஈரத்துணி வாடை.

“இன்னாம்மா, வண்டி மேலயே நின்னுகினு ஆராய்ச்சி பண்ற? எறக்கிப் போட்டுட்டுப் பாரு. மானம் இருட்டிகினு வருது” என்றார் பொன்னுரங்கம்.

சிங்கப்பெருமாள் கோவில் சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது பொன்னுரங்கத்தின் கடைத் தீவனத்தைத்தான். அவர் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கும் மூட்டையை எவரும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. இவள் அவிழ்த்த உடனே அவர் முகம் கடுகடுத்துவிட்டது.

அவள் அடுத்த மூட்டையை அவிழ்த்தாள். அதற்கும் அடுத்ததை. எல்லாவற்றிலும் அதே சூடு.

அவளுடைய கொட்டகையில் மாடுகள் பசியில் குரல் கொடுக்க ஆரம்பித்தன.

பக்கத்துத் தீவன அறை காலியாக இருந்தது. தரை ஈரம் ஏறாமலிருக்கச் செங்கல் வைத்துப் பலகை போட்டிருந்தாள். சுவர் ஓதம் படாமல் ஒரு கை இடைவெளி. எலி நுழையாதபடி கதவின் அடியில் தகரம். பழைய மூட்டை தீராமல் புதியதை அவள் பிரிப்பதே கிடையாது. இவ்வளவும் செய்துவிட்டு, உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும் மூட்டையைக் கொண்டுபோய் அங்கே அடுக்குவதா?

“மழையில நனைஞ்சுதா?”

“குடோன் ஷீட்டு லேசா ஒழுகிச்சு, அவ்ளோதான். வெயில்ல கொட்டிக் காயவச்சுப் புதுச் சாக்குல கட்டிட்டேன்.”

“பூஞ்சை காஞ்சிடும். அது வச்ச வெசம் காயாது. மாட்டு ஈரலைக் கெடுக்கும், பால்ல எறங்கும். பொத்தேரியில நம்ம பாலைக் குடிக்கிற கொழந்தைங்க இருக்குதுங்க.”

“வோணாம்னா வுடு. வாங்கறதுக்கு ஆளா இல்ல?” பொன்னுரங்கம் வண்டியின் பின்கதவைத் தூக்கி மூடப் போனார்.

அனுப்பிவிடுவது சுலபம். அவளுடைய மாடுகள் தப்பித்துக்கொள்ளும். வேறு ஏதோ கொட்டகையில், மூட்டையை நம்பி வாங்கும் யாரோ ஒருவர் இதை அள்ளித் தொட்டியில் போடுவார்.

தீபலட்சுமி குதித்து இறங்கினாள். கொட்டகைக் கூரை வாரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு வந்து, ஓரத்து மூட்டையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழித்தாள்.

புண்ணாக்கு சரசரவென்று தரையில் கொட்டியது. கடைசியாக, நடுவிலிருந்து கட்டிகள் உருண்டு விழுந்தன. பச்சையும் மஞ்சளுமாகப் பூத்துப் போயிருந்தன.

பொன்னுரங்கத்தின் கோபம் அவளுக்குத் தெரியும். கத்தட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

அவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். உடைத்தார். முகர்ந்தார். பிறகு, அவளைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

அவள் அரிவாளைக் கொடுத்தாள்.

மிச்ச மூட்டைகளை அவரே கிழித்தார். வாழை வைக்கத் தோண்டியிருந்த குழியில் இருவருமாகக் கொட்டி, சுண்ணாம்பைத் தூவி, மாடோ கோழியோ கிளறாதபடி மண்ணைப் போட்டு மிதித்தார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. இன்றைக்கு மாடுகளுக்குப் பசும்புல்லும் வைக்கோலும்தான். பால் குறையும். குறையட்டும்.

பொன்னுரங்கம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“குடோன்ல இன்னும் கீது” என்றார். குரல் இறங்கியிருந்தது. “காலைலயே வேற கொட்டாய்ங்களுக்கும் போயிடுச்சு.”

தீபலட்சுமி மண்வெட்டியை வாங்கி ஓரமாகச் சாய்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.

“ஏறு அப்பா. வாங்கினவங்களுக்கெல்லாம் நீ போன் போட்டுகினே வா. நான் ஓட்டுறேன்.”

பொன்னுரங்கம் மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, போனை எடுத்தார்.