கருவந்தாழைத் தேர்தல்

ஆய்வு மாணவி செண்பகவல்லியின் முதல் கட்டுரையை, அவளுடைய அரசியல் அறிவியல் நெறியாளர் தெய்வசிகாமணி தன் பெயரில் அச்சேற்றிக்கொண்டார். அடுத்து அவரிடம் திருத்தக் கொடுத்த அத்தியாயத்தில், இல்லாத ஓர் ஊருக்குக் கருவந்தாழை என்று பெயர் வைத்து, அங்கே ஒரு பஞ்சாயத்துத் தேர்தலையும் நடத்தி முடித்தாள். தன் ஆய்வேட்டில் அதைச் சேர்க்கவில்லை. அவருடைய புத்தகத்தில் அது வந்தது, ‘கருவந்தாழையில் நான் தங்கியிருந்த நாட்களில்’ என்ற தொடக்கத்தோடு. அந்தப் புத்தகம்தான் அவரைத் துறைத்தலைவர் ஆக்கியது.

தானும் பேராசிரியர் ஆகும்வரை பொறுத்திருந்தாள். அவருடைய பணிநிறைவு விழாவில், சால்வை போர்த்திய கையோடு மாவட்ட வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். “என் ஸ்டூடண்ட்ஸை அங்க கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன் சார்,” என்றாள் மைக்கில். “கருவந்தாழை எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க.”

துணைவேந்தரும் ஆர்வமாகக் குனிந்தார். தெய்வசிகாமணியின் சுட்டுவிரல் வரைபடத்தின்மேல் ஊர்ந்துகொண்டே இருந்தது.