கெட்டில்காரன்

"இங்க யாருய்யா அந்த எழுத்தாளர்?"

கதவைச் சுவரில் அறைந்து திறந்துகொண்டு ஒரு மனிதர் இப்படிக் கத்தியதும், மேடையில் நின்ற பயிற்சியாளருக்கு உள்ளூரக் குஷி. நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தான் மகராசன்!

பின்னே என்ன? காலையிலிருந்து அவருக்கு எரிச்சலான எரிச்சல். கோபத்தை அடக்குவது பற்றி வகுப்பெடுக்க வந்தவர், மைக் கரகரத்ததில் ஆரம்பித்து, முன்வரிசை மேனேஜர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியதுவரை ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் கட்டாயத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, பேசிப் பார்த்தால்தான் தெரியும் அந்தப் பாடு.

அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. வகுப்பின் நடுவில் ஒருவர் புகுந்து, அவருடைய புத்தகத்தைப் படித்துக் கொதித்துப்போன வாசகராகச் சண்டை போட வேண்டும். இவர் சிரித்த முகமாகச் சமாளித்துக் காட்ட வேண்டும். தெரிந்த நாடகக் குழுவிலிருந்து ஆள் வரும். முகம் பழகிவிடக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் புது ஆள், இவருக்கே யாரென்று தெரியாது. நிஜமாகவே படித்துவிட்டு வந்து கோபப்பட்ட வாசகர் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட இல்லாததால், ஆள் வைத்துத்தான் கோபப்பட வேண்டியிருந்தது.

"நான்தாங்க. வாங்க, உட்காருங்க," என்றார் பயிற்சியாளர், தேனொழுக.

"உட்கார வரல. 'கெட்டில்காரன்'னு ஒரு கதை எழுதியிருக்கீங்களே, டீயில சர்க்கரை கம்மின்னு கெட்டிலைத் தூக்கி மேலதிகாரி மேஜையில அடிச்சு வேலையைத் தொலைச்ச முட்டாள்னு. அது நான்தான்! என் கோணல் மூக்கைக்கூட விட்டுவைக்கல நீங்க."

மேனேஜர் திடுக்கிட்டு விழித்தார். பயிற்சியாளர் வந்தவரின் மூக்கைப் பார்த்தார். கோணல்தான். மூக்குமுதற்கொண்டு பார்த்து ஆள் அனுப்பியிருக்கிறார்களே என்று அசந்துபோனார். எந்த வகுப்பிலும் சிரிப்பை அள்ளுகிற கதை அது. ரயிலில் யாரோ போகிற போக்கில் சொன்னது; சர்க்கரை மட்டும் இவருடைய கைச்சரக்கு.

"சர்க்கரைக்காகவா அடிச்சேன்? பக்கத்து சீட்டுப் பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்தான் அந்த ஆளு. கேக்க நாதியில்லாம அவ நடுங்கிக்கிட்டு நின்னா. அதுக்கு அடிச்சேன். இன்னிக்கும் அடிப்பேன்! எழுதுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பயிற்சியாளர் மைக்கை அவர் வாயருகே நீட்டினார். "எல்லாரும் கவனிங்க. கழுத்து நரம்பு எப்படிப் புடைக்குது பாருங்க. இந்த மாதிரி ஆளு வந்தா நாம பதிலுக்குக் கத்தக் கூடாது. எங்க, அண்ணனுக்காக எல்லாரும் மூச்சை நல்லா இழுத்து, மெதுவா விடுங்க பாப்போம்."

அறை மொத்தமும் புஸ்ஸென்று மூச்சு விட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது எல்லோரையும் தொற்றிக்கொண்டது.

வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. "இப்படித்தான் சிரிச்சாங்களாம். போன மாசம் என் பொண்ணு வேலை செய்யற ஆபீஸ்ல வந்து இந்தக் கதையைச் சொன்னீங்க. தான் மட்டும் சிரிக்கலைன்னா தெரிஞ்சுடுமேன்னு அவளும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கா. பெத்த அப்பனைப் பார்த்து! வீட்டுக்கு வந்து சோத்துல கை வைக்கல. தெருவுல சின்னப் பசங்ககூட என்னை 'கெட்டில்'னு கூப்பிடுறாங்க. அந்தக் கதையை எடுத்துடுங்க. இல்ல, நடந்ததை நடந்தபடி எழுதுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

சிரிப்பு அடங்கிவிட்டது. இப்போது பயிற்சியாளருக்கே கோபம் தலைக்கேறியது. சண்டை போடச் சொல்லி அனுப்பினால், இந்த ஆள் அழுது மூக்கைச் சிந்திக் காரியத்தைக் கெடுக்கிறானே! முகத்தில் சிரிப்பு மாறாமல் வந்தவர் தோளில் கைபோட்டு, காதோரமாகச் சீறினார். "போதும்யா. ரொம்ப ஓவரா போற. கிளம்பு."

"என்ன போதும்?"

"நடிச்சது போதும்."

அந்த மனிதர் அவரையே பார்த்தார். தோளில் கிடந்த கையைத் தட்டிவிட்டு, சட்டையில் கண்ணைத் துடைத்தபடி வெளியே போய்விட்டார்.

பயிற்சியாளர் மைக்கை உயர்த்தினார். "பலமா ஒரு கைதட்டு! வந்தது வாசகர் இல்லீங்க, நடிகர். எல்லாம் என் ஏற்பாடு. நான் ஒரு வார்த்தையாவது கோபமா பேசினேனா, பாத்தீங்களா?"

அறை அதிர்ந்தது. மேனேஜர் எழுந்து நின்று தட்டினார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"சார், அவரு நெஜமாவே அழுதாரே?"

"அதுதாம்மா தொழில்! நல்ல நடிகர்னா நம்மளையே நம்ப வெச்சிடுவாரு," என்று அவர் விளக்கத் தொடங்கும்போது, கதவு மெல்லத் திறந்தது. ஒல்லியான ஆசாமி ஒருவர் வேர்க்க விறுவிறுக்கத் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"சார், நாடகக் குழுவிலேருந்து வர்றேன், வழியில வண்டி பஞ்சராயிடுச்சு. இப்ப உள்ள வந்து கத்தலாமா?"