கைக்குட்டைத் திருடன்

"என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுங்க சார்."

தாளாளர் வீரமணி பேனாவை மூடினார். இங்கே எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று பூங்கோதை வேலைக்குச் சேர்ந்த அன்றே மலிகா டீச்சர் சொல்லியிருந்தாள். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த பீரோவுக்குள் போய்விடும். திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"எதுக்காம்?"

"திங்கக்கிழமை ராமநாதபுரத்துல வெரிஃபிகேஷன். அரசாங்க வேலை. எங்க வம்சத்துலயே மொத டிகிரி சார் அது. உங்க பீரோவுல கிடந்து என்ன பண்ணுது?"

"மூணு வருஷ ஒப்பந்தம். ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. அது கிடக்கட்டும், நேத்து ஆண்டு விழாவுல என்னம்மா நாடகம் போட்ட? லண்டன்ல கைக்குட்டை திருடுன தாமஸ, அந்தக் காலத்துல தண்டனைன்னு கப்பல்ல ஏத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புனாங்களாம். புதுமடத்துப் பய ஒருத்தன் எந்திரிச்சு, 'துபாய் போக எங்க வாப்பா ஏஜெண்டு கால்ல விழுந்தாரு, கைக்குட்டை திருடுனா போதுமா மிஸ்'ங்கிறான். சீஃப் கெஸ்ட் முன்னாடி."

"தாமஸ் ஏழு வருஷம் கல்லு உடைச்சான் சார். முடிஞ்சதும் விடுதலைச் சான்றிதழக் கையில குடுத்துட்டாங்க. வெள்ளக்காரன் திருடனுக்கே சர்டிபிகேட் குடுத்திருக்கான்."

வீரமணிக்குக் காது சிவந்தது.

"தர முடியாது. போயி கிளாஸ் எடு."

பூங்கோதை நகரவில்லை. கனத்த பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எலி தின்னுருக்கும்னு மலிகா அக்கா சொன்னது நெசந்தான் போல."

"எலியா?" மேசை மேலிருந்த விழாக் குத்துவிளக்கை ஒதுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே பீரோவை ஓங்கி அறைந்தார். "பதினோரு பேரு ஃபைலும் பத்திரமா இருக்கு. சாவி என் இடுப்புல."

"அத எழுதிக் குடுங்க பாப்போம்."

"குடுத்தா?"

"வாய மூடிட்டுப் போயிருவேன்."

அதற்காகவே எழுதினார். பள்ளியின் லெட்டர்பேடில் பதினோரு பெயரையும் போட்டு, இவர்களின் அசல் சான்றிதழ்கள் இன்றைய தேதியில் என் பொறுப்பில் பத்திரமாக உள்ளன என்று கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார்.

"ஊரெல்லாம் காட்டு, போ."

வாசலில் மலிகா காத்திருந்தாள்.

"குடுத்தாரா?"

"காகிதம் குடுத்தாரு."

"அத வச்சு என்னடி பண்ண?"

"தாமஸ் ஏன்க்கா மாட்டுனான்? கைக்குட்டை அவன் பையில இருந்துச்சு. அது எங்கிட்டதான் பத்திரமா இருக்குன்னு சொந்தக்காரன் எழுதிக் குடுக்கல."

நேற்று குத்துவிளக்கு எடுத்துவரச் சொல்லி வீரமணியே தன்னிடம் சாவியை நீட்டியபோது அந்தப் பீரோவிலிருந்து அள்ளிய பதினோரு ஃபைல்களையும் பையிலிருந்து எடுத்தாள் பூங்கோதை. பத்தை மலிகாவின் கையில் வைத்துவிட்டு, தன்னுடையதோடு ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நடந்தாள்.