பேர் சொல்லிக் கூப்பிடு

“மொடவன்னு சொல்லாதம்மா!” இளவேனில் அதட்டினாள். “இன்னிக்கு வரப்போறவரு போன்லயே சொன்னாரு, பாராப்ளீஜியாவாம். இடுப்புக்குக் கீழ ரெண்டு காலும் செயல் இல்லன்னு அர்த்தம். மதிவாணன்னு பேரு இருக்குல்ல, பேரச் சொல்லிக் கூப்பிடு.”

“உங்கண்ணனுக்கு எப்படிடி பழக்கம்?” என்று கேட்டாள் சாமியம்மாள்.

“நேர்ல வந்து சொல்றேன்னாரு.”

ஷிப்டு முடிந்து வந்த மகன் கபிலன் உள்ளறையில் படுத்திருந்தான். சாமியம்மாள் கேசரி கிண்டினாள். சக்கர நாற்காலி ஏறுவதற்காகக் குவார்ட்டர்ஸ் படியில் பலகையைச் சாய்த்து வைத்தாள்.

“வாங்க மதிவாணன் தம்பி” என்றாள், வாய் தவறாமல். “எங்க கபிலன எப்படித் தெரியும்?”

“ரெண்டு வருசம் முன்னாடி மந்தாரக்குப்பம் ரோட்டுல பைக்ல என்னை இடிச்சாரும்மா. நான் கத்திக்கினு கெடந்தேன். திரும்பிப் பாத்துட்டு நிக்காம போயிட்டாரு. வண்டி நம்பர வச்சு இப்பதான் வூட்டக் கண்டுபுடிச்சேன். சண்டைக்கு வரல. அவரு மொகத்த ஒரு தடவ பாக்கணும், அவ்ளோதான்.”

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பைக்கை அந்த வருடம்தான் கபிலன் அவசரமாக விற்றிருந்தான். சாமியம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தாள்.

“கபிலா...” என்று கூப்பிட்டாள்.

உள்ளறைக் கதவில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.